மனப்பாடம் காட்டும் வழி ஊர் போய்ச் சேராது

கடந்த சிறுபோகத்தின் நடுப்பகுதியில் உன்னிச்சைக்குப் போயிருந்தேன். மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு வழியாகப் படுவான்கரையின் உட்புறம் நோக்கிச் செல்லும் பாதை. 2007ஆம் ஆண்டுக்கு முன்னர் செய்தி சேகரிப்பதற்காக இதே பாதையில் சென்றபோதெல்லாம், இரு தரப்பினரின் சோதனைச் சாவடிகளிலும் இறங்கி, பையைக் கொட்டிக் காட்டி, யாரைப் பார்க்கப் போகிறேன், ஏன் போகிறேன் என்று ஒப்புவித்த பின்னரே அப்பால் நகர முடிந்தது. இன்று எவரும் மறிப்பதில்லை. ஆனால் ஒப்புவிக்கும் வழக்கம் மட்டும் வேறு வேடத்தில் அங்கு வந்து குடியேறியிருப்பதை அன்று மாலை கண்டேன்.

நான் தங்கியது பழைய நண்பர் ஒருவரின் தம்பி வீட்டில். குளத்துக்குக் கீழே நாலு ஏக்கர் வயல் செய்பவர். சில போகங்களாக அந்த வட்டைக்கு அவரே வட்டவிதானை. அவருடைய மூத்த மகன் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழில் படித்துச் சித்தியடைந்தவன். விறாந்தையில் மின்விளக்கின் கீழ் தலையணை பருமனான போட்டோப் பிரதிக் கட்டொன்றை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக் கொண்டிருந்தான்.

“என்ன மனே படிக்கிறாய்?” என்று கேட்டேன்.

“சி.சி.என்.ஏ. ஐயா. நெட்வேக் சோதனை. அடுத்த மாதம் எடுக்கப் போறன். வேணுமெண்டாக் கேட்டுப் பாருங்க” என்று கட்டை என்னிடம் நீட்டினான்.

புரட்டிப் பார்த்தேன். பாடம் என்று ஒரு பக்கமும் இல்லை. அத்தனையும் கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் நான்கு விடைகள், சரியான விடைக்கு நேரே மையால் ஒரு சரி அடையாளம். எவரோ தேர்வு எழுதிவிட்டு நினைவில் வைத்து வெளியே கொண்டுவந்து, இன்னொருவர் காசாக்கிய கேள்விகள். இத்தொழிலில் இதனை ‘டம்ப்’ என்பார்கள். குப்பை கொட்டும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

கேட்டேன். தடையின்றிச் சொன்னான். நேரடியாக இணைந்த வழிக்கு 0. கையால் எழுதிவைத்த வழிக்கு 1. ஈ.ஐ.ஜி.ஆர்.பி.க்கு 90. ஓ.எஸ்.பி.எஃப்.க்கு 110. ரிப்புக்கு 120. ரிப் 30 விநாடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பும். 15 தாவல்களுக்கு மேல் போகாது. ஒரு பிழை இல்லை.

“சரி, இந்த 110, 120 என்பவை என்ன?”

“அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் ஐயா.”

“தூரம் என்கிறாய். எதற்கும் எதற்கும் இடைப்பட்ட தூரம்?”

சற்று நேரம் மௌனமாக இருந்தான். பின்னர், “அது தெரியாது ஐயா. சோதனையில அதக் கேக்க மாட்டாங்களாம்” என்றான்.

வாசகர்களே, இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இப்பத்தியை எழுதுகிறேன். அவன் சோம்பேறி அல்லன், மந்தபுத்திக்காரனும் அல்லன். ஐந்து மாதங்களாக வாரத்துக்கு இருமுறை பஸ் ஏறி நகருக்குப் போய் வந்திருக்கிறான். அவனுக்குக் கற்பித்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள்தாம், கேள்விக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைக் கேட்கத் தேவையில்லை என்றும் கற்பித்திருக்கிறார்கள். வறியவன் வீட்டுப் பணத்துக்கும் அவன் பிள்ளையின் அறிவுக்கும் ஒரே வேளையில் இழைக்கப்படும் வஞ்சனை இது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். சிஸ்கோ நிறுவனத்தின் இச்சான்றிதழ் 1998இல் தொடங்கியது. 2020 பெப்ரவரியில் பாடத்திட்டம் மாற்றப்பட்டு ஒரே தேர்வாக்கப்பட்டது. 120 நிமிடங்கள். கட்டணம் 300 அமெரிக்க டொலர். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாயாக இருந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாயளவை எட்டியது. 60,000 ரூபாயாக இருந்த தேர்வுக் கட்டணம் சில மாதங்களில் ஒரு இலட்சத்தைத் தாண்டிற்று. பின்னர் ரூபாய் ஓரளவு மீண்டாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தவறினால் அந்தப் பணம் போனது போனதுதான். தேறினாலும் சான்றிதழின் ஆயுள் மூன்று ஆண்டுகள். வகுப்புக் கட்டணம் வேறு. அவ்வீட்டுத் தாயின் கழுத்து வெறுமையாக இருந்ததைக் கண்டேன். காரணம் கேட்கவில்லை.

நான் தேர்வுக்கு எதிரானவன் அல்லன். இன்னொருவருடைய வலையமைப்பைப் பொறுப்பேற்க வருபவனுக்கு அத்தொழில் தெரியுமா என்று சோதிப்பது நியாயமே. பாடத்திட்டமும் மோசமானதல்ல, அதை முறையாகப் படித்தவர்களுக்கு நல்ல அத்திவாரம் கிடைக்கிறது. என் வழக்கு, அந்தப் பாடத்தின் உயிரைப் பிடுங்கிவிட்டு எண்களின் எலும்புக் கூட்டை நம் பிள்ளைகளுக்கு விற்பவர்கள் மீது. அதைவிட முக்கியமாக, இந்த அறிவு நமக்குப் புறம்பானது, தமிழில் புரியவைக்க முடியாதது, உருப்போட்டால்தான் வாய்க்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும் நம் அனைவர் மீதும்.

புரியவைக்க முடியாதா? அன்றிரவு நடந்ததைச் சொல்கிறேன். பத்திரிகைக் காரியாலயத்தில் முதன்முதலாகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்த நாள்களில் பொறியியலாளர்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்து கேட்டறிந்ததும், ஓய்வுபெற்ற பின் புத்தகங்களில் படித்ததுமே இத்துறையில் என் மூலதனம். அதை வைத்துக்கொண்டு பையனிடம் கேட்டேன்: “அப்பாவிடம் ஒருவர் வந்து, மேல் வாய்க்கால் உடைந்துவிட்டது என்று சொல்கிறார் என்று வை. அப்பா யார் சொன்னால் நம்புவார்?”

பதில் தந்தையிடமிருந்து வந்தது. “நான் கண்ணால கண்டா, அதுக்கு மேல பேச்சில்ல. துருசுக்குப் பொறுப்பான ஆள் சொன்னா நம்புவன். வாய்க்கால் வழிய நடந்து பாத்தவன் சொன்னாலும் சரி. கடையில கேள்விப்பட்டன் எண்டு ஒருத்தன் வந்தா, ஆளனுப்பிப் பாத்துட்டுத்தான் நம்புவன்.”

தூரம் என்று பையன் உருப்போட்டது இதைத்தான். நம்பிக்கையின் அளவு அது. ஓர் ஊருக்குப் போகும் வழியைப் பற்றிப் பலர் பலவாறு சொல்லும்போது எவர் சொல்லை முதலில் ஏற்பது என்று ரூட்டர் வைத்திருக்கும் வரிசை. தன்னோடு நேரே பிணைந்திருப்பது கண்ணால் கண்டது, அதற்கு 0. நிர்வாகி கையால் எழுதிவைத்தது பொறுப்பாளர் சொல், அதற்கு 1. ஓ.எஸ்.பி.எஃப். வாய்க்கால் வழியே நடந்து பார்த்தவர்களின் அறிக்கை. ரிப் கடைத்தெருவில் கேட்டது. எண் குறையக் குறைய நம்பிக்கை கூடும். 110ஐயும் 120ஐயும் இனி அவன் மறந்தாலும் பரவாயில்லை. எது பெரியது, ஏன் பெரியது என்பதை மறக்க மாட்டான்.

ரிப் என்னும் நடப்பொழுங்கை எடுத்துக்கொள்வோம். 1988இல் முறையாக எழுதி வெளியிடப்பட்டது. நடைமுறையில் அதற்கும் மூத்தது. ஒவ்வொரு ரூட்டரும் தனக்குத் தெரிந்த ஊர்களின் பட்டியலையும், ஒவ்வோர் ஊருக்கும் எத்தனை தாவல் என்பதையும் பக்கத்து ரூட்டருக்குச் சொல்லும். அது ஒன்றைக் கூட்டித் தன் பக்கத்திலுள்ளதற்குச் சொல்லும். ஊரை நேரில் கண்டவர் எவர் என்பது போகப்போக மறைந்துவிடும். பத்திரிகைக்காரனுக்கு இது நன்கு தெரிந்த வியாதி. போர்க் காலத்தில் ஒரு வதந்தி நம் காரியாலயத்துக்கு வரும். நாம் அதனை வெளியூர்ப் பத்திரிகையொன்றின் பெயரால் போடுவோம். அப்பத்திரிகை மறுநாள் நம்மை ஆதாரம் காட்டி மீண்டும் போடும். மூலச் செய்தி பொய்யாகிப் போன பின்னரும் இருவரும் ஒருவரையொருவர் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு அதனை வாழவைப்போம்.

ரிப்பிலும் அதுவே நேரும். ஓர் ஊருக்கான இணைப்பு அறுந்துவிடுகிறது. அறுந்ததை அறிந்த ரூட்டரிடம், அதனிடமே முன்பு கேட்டறிந்த அயல் ரூட்டர், “எனக்கு வழி தெரியும்” என்று பழைய செய்தியைத் திருப்பிச் சொல்கிறது. இதுவும் நம்பி ஒன்றைக் கூட்டுகிறது. அதுவும் ஒன்றைக் கூட்டுகிறது. இல்லாத ஊருக்கான தூரம் முடிவின்றி ஏறும். அதனால்தான் 15க்கு மேல் ஒரு தாவலும் இல்லை, 16 என்றால் ஊரே இல்லை என்று வரம்பு கட்டினார்கள். அதனால்தான், ஒருவரிடம் கேட்ட செய்தியை அவருக்கே திருப்பிச் சொல்லாதே என்ற விதியையும் சேர்த்தார்கள். அந்த 15 என்ற எண்ணின் பின்னால் இவ்வளவு அனுபவம் இருக்கிறது. டம்ப்புக் கட்டில் அது வெறும் மூன்றாவது விடை.

ஓ.எஸ்.பி.எஃப். வேறு வகை. சிறுபோகம் தொடங்குமுன் அதிகாரிகளும் விவசாயிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்டத்துக்காரரும் தம் வாய்க்காலின் நிலையை மட்டும், தாம் நேரில் அறிந்ததை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறார். கேட்டவர் கூட்டிக் குறைப்பதில்லை. கேட்டதை அப்படியே கடைசி ஆள் வரை சேர்ப்பிக்கிறார்கள். முடிவில் எல்லோர் கையிலும் ஒரே வரைபடம். அதை வைத்துத் தம் இடத்திலிருந்து குறைந்த செலவுள்ள வழியை அவரவரே கணக்கிட்டுக்கொள்கிறார். அக்கணக்கைப் போடும் முறையைக் கண்டவர் நெதர்லாந்து நாட்டவரான டைக்ஸ்ட்ரா. 1956இல் ஆம்ஸ்டர்டாம் நகரக் கோப்பிக்கடையொன்றில், காகிதமும் பென்சிலும் இல்லாமல், இருபது நிமிடங்களில் மனத்துக்குள் போட்ட கணக்கு என்று அவரே கூறியிருக்கிறார். 1959இல் அச்சில் வந்தது. இன்று உலகெங்கும் ஓ.எஸ்.பி.எஃப். ஓடும் ஒவ்வொரு ரூட்டரும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறது.

சுவிட்ச் என்னும் ஆளியின் கதையைச் சொன்னபோது தந்தையே முந்திக்கொண்டார். ஒன்று பழுதானால் இன்னொன்று உதவட்டும் என்று இரு ஆளிகளுக்கிடையே இரண்டு கம்பிகளை இழுத்துவிடுகிறோம். ஆளிகளிடையே ஓடும் சட்டகத்துக்கு ஆயுள் எண் கிடையாது. எல்லோருக்குமென்று அனுப்பிய ஒரு செய்தி ஒரு கம்பியால் போய் மறு கம்பியால் திரும்பி, பெருகிப் பெருகிச் சுழன்று, வலையமைப்பையே மூழ்கடித்துவிடும். “ரெண்டில ஒண்ட மண் போட்டு அடைச்சு வைக்கிறது. மற்றது உடைஞ்சா வெட்டி விடுறது” என்றார் அவர். 1985இல் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி, டிஜிட்டல் எக்குயிப்மென்ற் நிறுவனத்தில் பணியாற்றியபோது வகுத்துக் கொடுத்த ‘ஸ்பானிங் ட்ரீ’ செய்வது சாராம்சத்தில் அதையே. எந்தக் கம்பியை அடைப்பது என்பதை ஆளிகள் தமக்குள் பேசித் தாமே தீர்மானித்துக்கொள்வதுதான் அவருடைய சாதனை.

உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுக்கக் கூடாது. தண்ணீருக்கு முகவரி இல்லை. பள்ளத்தை நோக்கி ஓடும், அவ்வளவுதான். பொதிக்கு முகவரி உண்டு. மேடு பள்ளம் அதற்கில்லை. ஒரே கம்பியில் எதிரும் புதிருமாக ஓடும். இந்த வேறுபாட்டையும் பையனே கண்டு சொன்னான். அதுதான் எனக்கு மகிழ்ச்சி. ஐந்து மாத வகுப்பில் அவன் கேட்காத கேள்விகளை அன்று ஒன்றரை மணி நேரத்தில் கேட்டான்.

“காரணம் தெரிந்தென்ன, தெரியாவிட்டாலென்ன, வேலை நடந்தால் சரி” என்போர் உளர். அவர்களுக்கு இரண்டு தினங்களை நினைவூட்டுகிறேன்.

ஒன்று, 2008 பெப்ரவரி 24. யூடியூப் தளத்தை உள்நாட்டில் தடுக்குமாறு பாகிஸ்தான் அரசு பணித்தது. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம், யூடியூபுக்குரிய முகவரிகள் தன்னிடம் இருப்பதாக ஓர் அறிவிப்பைத் தன் வலைக்குள் விட்டது. உள்ளூர்ப் பொதிகளைப் படுகுழியில் தள்ளுவதற்கான ஏற்பாடு அது. ஆனால் அறிவிப்பு எல்லை தாண்டி வெளியே கசிந்தது. மேலிருந்த நிறுவனம் அதனைச் சரிபார்க்காமல் உலகுக்குச் சொன்னது. யூடியூப் அறிவித்திருந்தது 1024 முகவரிகள் கொண்ட தொகுதி. பாகிஸ்தான் அறிவித்தது அதற்குள் அடங்கிய 256 மட்டும். இரு அறிவிப்புகள் இருந்தால் குறுகிய, துல்லியமான முகவரியையே ரூட்டர் தேர்ந்தெடுக்கும். “மட்டக்களப்புக்குரிய கடிதமெல்லாம் என்னிடம் தா” என்று ஒருவரும், “உன்னிச்சைக்குரியது என்னிடம் தா” என்று இன்னொருவரும் கேட்டால், உன்னிச்சைக் கடிதத்தைத் தபாற்காரர் யாரிடம் கொடுப்பார்? அதே நியாயந்தான். சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் மறைந்தது. யூடியூபின் பொறியியலாளர்கள் மீட்கக் கையாண்ட வழிகளுள் ஒன்று, 128 முகவரிகளாக இன்னும் குறுகிய அறிவிப்புகளை வெளியிட்டது. விதியின் காரணம் தெரிந்தவனே விதியை வைத்து மீள்வான்.

மற்றையது, 2021 ஒக்டோபர் 4. புலம்பெயர்ந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கையில் இரவு ஒன்பது மணி கடந்த வேளை. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஒன்றாக மடிந்தன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்தோர் ஊரிலுள்ள தாய் தந்தையின் குரலைக் கேட்க முடியாமல் சுமார் ஆறு மணி நேரம் தவித்தனர். பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பை அறுத்துவிட்டது. தரவு மையங்களோடு தொடர்பிழந்த பெயர்ச் சேவையகங்கள், தம்மிடம் கோளாறு என்று கருதி, “எம்மிடம் வராதீர்” என்று தம் வழி அறிவிப்புகளைத் தாமே மீளப்பெற்றுக்கொண்டன. அந்த வழி அறிவிப்புகளைச் சுமக்கும் நடப்பொழுங்கு பி.ஜி.பி. 1989இல் மாநாடொன்றின் உணவு வேளையில் கைதுடைக்கும் தாள்களில் முதலுருப் பெற்றது. திருத்துவதற்குப் பொறியியலாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது. அவர்கள் முன்னால் நான்கு விடைகள் இருக்கவில்லை. ஒரு வைத்தியசாலையின் வலையமைப்போ வங்கியின் வலையமைப்போ நள்ளிரவில் விழும்போது, அங்கு நிற்கப்போகும் நம் பிள்ளையின் முன்னாலும் இருக்கப்போவதில்லை.

இனி, எப்போதும் வரும் ஆட்சேபம். “தேர்வு தமிழில் இல்லை, வேலையும் தமிழில் இல்லை, தமிழில் கற்பித்துப் பயன் என்ன?” ஆங்கிலம் வேண்டாமென்று நான் ஒருகாலும் சொன்னதில்லை. தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்; அதற்குரிய ஆங்கிலத்தையும் கற்பிக்க வேண்டும். ஆனால் விளங்குவது முதலில், விடை எழுதுவது பின்னர். விளங்காத ஒன்றைத் தெரியாத மொழியில் படிக்கச் சொன்னால் உருப்போடுவதைத் தவிரப் பிள்ளை வேறென்ன செய்யும்? டம்ப்புச் சந்தையின் முதலீடே அந்தத் திகைப்புத்தான்.

இதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரச உத்தியோகத்தை நாடி வெளியேற, தமிழில் கற்றவர்கள் ஊரில் நின்று மக்களுக்கு உதவுவார்கள் என்பது அவரது கணிப்பு. அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’, உடற்கூற்றுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’, இரசாயனத்துக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். 1873இல் நாடு திரும்பினார். மின்விளக்கு யாழ்ப்பாணத்துக்கு வருமுன்னரே மனித உடலின் நாடி நரம்புகளைத் தமிழில் கற்பிக்க முடிந்ததென்றால், கம்பி வழியே பொதி போகும் பாதையை இன்று கற்பிக்க முடியாதா?

நம் மட்டக்களப்பு மண்ணுக்கு அடுத்துள்ள காரைதீவில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். யாழ் நூல் தந்த தமிழறிஞராகவே அவரைப் போற்றுகிறோம். அவர் விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதை மறந்துவிடுகிறோம். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. அவருக்குச் சிலை வைக்கிறோம், விழா எடுக்கிறோம். அவர் தொடங்கிய வேலையை மட்டும் எவரும் தொடர்வதில்லை.

தொடர்ந்திருந்தால் இன்றைய கூத்து நேராது. ரூட்டரை இலங்கையில் வழிச்செலுத்தி என்கிறோம். தமிழ்நாட்டில் திசைவி என்கிறார்கள். புரொட்டகோல் இங்கே நடப்பொழுங்கு; அங்கே நெறிமுறை. உயர்தரத்தில் அந்தப் பையன் படித்தது நடப்பொழுங்கு. தமிழில் தேடினால் அவன் காண்பது பெரும்பாலும் நெறிமுறை. வகுப்பில் ஆசிரியர் சொல்வது புரொட்டகோல். மூன்றும் ஒன்றே என்று அவனுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. பள்ளியில் தமிழில் கற்ற அடிப்படை, நகரத்து வகுப்பின் வாசற்படியில் செருப்போடு கழற்றி வைக்கப்படுகிறது. பொதி என்றால் என்ன, முகவரி என்றால் என்ன என்று தமிழில் தெரிந்திருந்தவன், பாக்கெட் என்றதும் புதிதாக ஏதோ வந்துவிட்டதென்று மிரள்கிறான்.

குற்றவாளிக் கூண்டில் யார் யார்? முதலில் என் இனத்தவரை நிறுத்துகிறேன். பத்திரிகைகளான நாம் ‘மூன்று மாதத்தில் வலையமைப்புப் பொறியியலாளர்’ என்ற விளம்பரங்களைப் பணம் வாங்கிக்கொண்டு போட்டோம். மூன்று மாதத்தில் ஒருவர் எதுவாகலாம் என்று ஒரு செய்தியாளரையும் அனுப்பி விசாரிக்கவில்லை. நானும் ஆசிரிய பீடத்தில் இருந்தேன், நானும் கேட்கவில்லை. அடுத்து, கற்பிக்கத் தெரியாமல் வகுப்பு நடத்துவோர். அடுத்து, நம் பல்கலைக்கழகங்களில் இத்துறையைத் துறைபோகக் கற்றும் தமிழில் ஒரு சிறு நூல் எழுத நேரமில்லாதவர்கள். அடுத்து, புலம்பெயர்ந்த உறவுகளே, நீங்கள். சான்றிதழின் படத்தை அனுப்பச் சொல்கிறீர்கள். அதற்குரிய பணத்தையும் அனுப்புகிறீர்கள். உங்களில் எத்தனையோ பேர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இத்துறையில் வேலை செய்கிறீர்கள். வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு தமிழில் பேசி, “ஏன்” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பணத்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. பயிற்சிக்குரிய பாக்கெட் ட்ரேசர் மென்பொருளை அதே சிஸ்கோவின் கல்விப் பிரிவு இலவசமாகவே தருகிறது. வகுப்பிலோ வீட்டிலோ ஒரு கணினி இருந்தால் போதும். ரூட்டர்களையும் ஆளிகளையும் திரையில் வைத்து இணைக்கலாம், கம்பியை அறுக்கலாம், பொதி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். தமிழில் நூறு பக்கத்தில் ஒரு நூல். ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் காரணம். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில் தேர்வில் வரும் ஆங்கிலச் சொல்லின் ஒலி. பெற்றோர் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் ஒரேயொரு சோதனை செய்யட்டும்: ஆசிரியரிடம் ஏதாவது ஒரு விதியைச் சுட்டி, அது ஏன் என்று கேட்கட்டும். “சோதனைக்கு வராது” என்று பதில் வந்தால் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடட்டும்.

மறுநாள் காலை பையனும் நானும் குளக்கட்டில் நடந்தோம். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரத்தின் குழாய்களுக்குப் போகிறது. அதே வேளை, குளத்தை அண்டி வாழ்ந்தோர் தமக்குக் குடிநீர் இல்லையென்று ஆண்டுக்கணக்கில் முறையிட்டதைப் பத்திரிகைகளில் நாமே அச்சிட்டிருக்கிறோம். கைபேசிக் கோபுரங்களும் இன்று படுவான்கரையில் நிற்கின்றன. அவற்றின் வழியே போகும் பொதிகளைப் பற்றிய அறிவும் அத்தண்ணீரைப் போல இவ்வூரைத் தாண்டியே போய்க்கொண்டிருக்கிறது.

புறப்படும்போது பையன் ஒரு செய்தி சொன்னான். ஒரு கேள்வியும் கேட்டான். தேர்வை நான்கு மாதம் தள்ளிப் போடப் போகிறானாம். தந்தை சம்மதித்துவிட்டார். கேள்வி இது: “ஐயா, நேத்து நீங்க சொன்ன மாதிரித் தமிழில விளக்கமா எழுதின புத்தகம் எங்க வாங்கலாம்?”

நான் பதில் சொல்லவில்லை. விசாரித்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். விசாரித்தும் பார்த்தேன். அவனுக்கு எழுதி அனுப்பக்கூடிய ஒரு நூலின் பெயர் இன்றுவரை என் கைக்கு வரவில்லை. வாசகர்களில் எவராவது வைத்திருந்தால் அனுப்புங்கள். வைத்திராவிட்டால், எழுதக்கூடியவர் உங்களுள் எவர் என்று சொல்லுங்கள்.